போத்தனூர் அம்மாவின் பிள்ளை

மலருக்கு ஒரு கட்டுரை வேணும், நீங்க கணக்கு வாத்தியாரா இருந்தவராச்சே, ராமானுஜனைப் பற்றி எழுதிடுங்களேன் என்று நம் சங்கச் செயலாளர் போனில் கேட்டார். கும்பகோணம் நமக்குப் பஸ் ஏறினால் போய்விடுகிற ஊர்தான். ஆனால் ராமானுஜனைப் பற்றிச் சொல்ல நம் சங்கத்திலேயே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே வேறொருவரைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். ஆள் வெள்ளைக்காரர். ஆனால் தாய்வழியில் பார்த்தால் பாதி நம்ம பக்கத்துக்காரர். கம்ப்யூட்டர் கிறுக்கு என்று இன்று நாம் பிள்ளைகளைத் திட்டுகிறோமே, அந்தக் கிறுக்கு கம்ப்யூட்டர் என்ற பொருளே உலகத்தில் இல்லாத காலத்தில் பிடித்த மனிதர். பெயர் ஆலன் டூரிங்.

நம் ஊரிலிருந்து எர்ணாகுளம் ரயிலில் போனவர்கள் கோயம்புத்தூரைத் தாண்டியதும் போத்தனூரைக் கடந்திருப்பீர்கள். ஆலனின் அம்மா எதெல் சாரா ஸ்டோனி 1881-ல் பிறந்தது அந்தப் போத்தனூரில். அவருடைய அப்பா எட்வர்ட் வாலர் ஸ்டோனி மதராஸ் ரயில்வேயில் பெரிய இன்ஜினீயர். துங்கபத்திரை மேல் பாலம் கட்டியவர். அந்தக் காலத்தில் துரைமார் வீட்டில் பங்கா இழுப்பார்கள் அல்லவா, அதன் சக்கரம் கிறீச் கிறீச் என்று சத்தம் போட்டு உயிரை வாங்கும். சத்தமே வராத பங்கா சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கியவர் இந்த ஸ்டோனி. எலக்ட்ரான் என்ற பெயரைச் சூட்டிய ஜார்ஜ் ஜான்ஸ்டன் ஸ்டோனியும் இவர்களுக்குத் தூரத்து உறவு. கிறுக்கு எந்த வழியாக வந்தது என்பது புரிகிறதல்லவா!

அப்பா ஜூலியஸ் டூரிங் ஐ.சி.எஸ். அதிகாரி. சென்னை மாகாணத்தில் வேலை. விடுப்பில் ஊர் திரும்பும் கப்பலில் எதெலைச் சந்தித்து, 1907-ல் கல்யாணம் முடிந்தது. மூத்தவன் ஜான் 1908-ல் குன்னூரில் பிறந்தான். இளையவன் ஆலன் 1912 ஜூன் 23 அன்று லண்டனில். அப்பா மறுபடி இந்தியா கிளம்பினார். 1913 செப்டம்பரில் அம்மாவும் கப்பலேறிவிட்டார். பிள்ளைக்கு அப்போது பதினைந்து மாதம். இரண்டு பையன்களையும் கடலோரத்தில் செயின்ட் லெனர்ட்ஸ் என்ற ஊரில், ஒரு ஓய்வுபெற்ற ராணுவ கர்னல் குடும்பத்திடம் விட்டுவிட்டுப் போனார்கள். இந்திய வெயில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று அக்கால துரைமார் குடும்பங்களில் அதுதான் வழக்கம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரைக்காலில் இது யாருக்குப் புதிசு? சைகோனுக்குப் போனவர்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்த சொல்தாக்கள், பின்னால் சிங்கப்பூர், துபாய் என்று போனவர்கள்... நம் ஊரில் ஒவ்வொரு தெருவிலும் பாட்டி வளர்த்த பிள்ளைகள் உண்டு. நானே பாட்டி வளர்த்தவன்தான். நம் அப்பாமார் இங்கேயிருந்து அங்கே போனார்கள். ஆலனின் அப்பா அங்கேயிருந்து இங்கே வந்தார். கடல் ஒன்றுதான்.

ஒரு விசித்திரம் சொல்கிறேன். 1916-ல் பெற்றோர் இருவரும் விடுப்பில் இங்கிலாந்து வந்தார்கள். முதல் உலகப்போர் நடக்கிறது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களைக் கவிழ்க்கின்றன. மனைவியின் உயிரைப் பணயம் வைக்க வேண்டாமென்று அப்பா மட்டும் தனியாகத் திரும்பினார். போர் முடியும் வரை அம்மா பிள்ளைகளோடு தங்கினார். ஆக, அந்தப் பையனுக்கு மூன்று வருஷம் அம்மா கிடைத்தது ஜெர்மன் நீர்மூழ்கிகளின் புண்ணியத்தால்! அதே நீர்மூழ்கிகளின் ரகசியத்தைப் பின்னாளில் உடைத்தவர் இவர்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

சின்ன வயசு அடையாளங்களைச் சொல்லியாக வேண்டும். ஒரு பொம்மை மாலுமியின் கைகால் உடைந்துபோனது. உடைந்த துண்டுகளைத் தோட்டத்தில் நட்டுவைத்தான், முளைக்கும் என்று. எழுத்துக்கூட்டிப் படிக்க மூன்றே வாரத்தில் தானாகக் கற்றான். எண்கள் அதைவிட வேகமாக வந்தன. விளைவு, தெருவில் கூட்டிப்போனால் ஒவ்வொரு விளக்குக் கம்பத்தடியிலும் நின்று அதன் வரிசை எண்ணைப் படிக்காமல் நகரமாட்டான். ஸ்காட்லாந்தில் ஒரு விடுமுறையில், காட்டுத் தேனீக்கள் பறக்கும் திசைகளைக் கவனித்து, அந்தக் கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று கணக்குப் போட்டுத் தேன்கூட்டைக் கண்டுபிடித்தான். கடற்பாசியிலிருந்து அயோடின் எடுத்தான். தானே ஒரு பேனா செய்து, அதனாலேயே இந்தியாவுக்குக் கடிதம் எழுதினான்.

ஆனால் 1921-ல் அம்மா திரும்பி வந்து பார்த்தபோது கலகலவென்று இருந்த பிள்ளை காணாமல் போயிருந்தான். யாரோடும் ஒட்டாமல், எங்கோ பார்த்துக்கொண்டு ஒரு பையன் நின்றான். ஒன்பது வயது ஆகப்போகிறது, நெடுவகுத்தல் தெரியாது. அம்மாவே உட்கார்ந்து வகுத்தல் சொல்லிக்கொடுத்தார். பிறகு விடுதிப் பள்ளி. அங்கே ஹாக்கி மைதானத்தில் எல்லாரும் பந்தைத் துரத்த, இவன் குனிந்து டெய்ஸிப் பூ எப்படி வளர்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி அம்மா ஒரு படம் வரைந்திருக்கிறார். 1923-ல் வரைந்தது. அந்தப் படம் இன்னும் இருக்கிறது. தாயாருக்குப் பிள்ளையைத் தெரியாமலில்லை. பக்கத்தில் இருக்கத்தான் கொடுத்துவைக்கவில்லை.

1926-ல் அப்பா வேலையை விட்டார். பதவி உயர்வில் வேறொருவர் முந்திவிட்ட கோபம். இங்கிலாந்தில் குடியிருந்தால் வருமான வரி கட்டவேண்டும் என்பதால் பிரான்சில், பிரிட்டனிக் கடற்கரையில் தினார் என்ற ஊரில் குடியேறினார்கள். (வரிக்குப் பயந்து எல்லை தாண்டுவதில் நம் காரைக்கால்காரர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை!) அந்த ஆண்டுதான் ஆலன் ஷெர்போர்ன் பள்ளியில் சேரவேண்டும். பிரான்சிலிருந்து கப்பலில் வந்து சவுத்தாம்ப்டனில் இறங்கினால், நாடு முழுக்கப் பொது வேலைநிறுத்தம்; ரயில் இல்லை. பதின்மூன்று வயசுப் பையன் சைக்கிளை எடுத்தான். கையில் வரைபடம். அறுபது மைல், அதாவது நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கி மறுநாள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான். உள்ளூர்ப் பத்திரிகையில்கூடச் செய்தி வந்தது.

பள்ளி அந்தச் சைக்கிளுக்கு மகிழ்ந்தது, பையனுக்கு மகிழவில்லை. ஆங்கிலத்தில் கடைசி, லத்தீனில் கடைசிக்கு முன்னால். கையெழுத்து கோழி கிளறியது. உடம்பெல்லாம் மை. வெறும் விஞ்ஞானிதான் ஆகப்போகிறான் என்றால் இங்கே இருப்பது நேரவிரயம் என்ற பொருளில் தலைமையாசிரியர் வீட்டுக்கு எழுதினார். இத்தனைக்கும் அந்தப் பையன் தலைகீழ் டான்ஜென்ட்டின் முடிவிலாத் தொடரை, நுண்கணிதம் கற்காமலே, தானாகக் கண்டுபிடித்து நீட்டியவன். அதே தொடரைக் கேரளத்தில் சங்கமகிராம மாதவன் அறுநூறு வருஷத்துக்கு முன்பே கண்டிருந்தார் என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன். ஐன்ஸ்டீனின் சார்பியல் புத்தகத்தைப் படித்து, அம்மாவுக்குப் புரியும்படி குறிப்பெழுதியும் கொடுத்தான். அப்போது வயது பதினைந்து, பதினாறு.

அந்தப் பள்ளியில் ஒரே ஒருவன் மட்டும் இவன் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டான். கிறிஸ்டோபர் மார்க்கம். ஒரு வகுப்பு மூத்தவன். வானசாஸ்திரம், ரசாயனம், பை என்ற எண்ணின் தசமங்கள் என்று இரண்டு பேரும் ஓயாமல் பேசினார்கள். 1929 டிசம்பரில் சேர்ந்து கேம்பிரிட்ஜ் போய் உதவித்தொகைத் தேர்வு எழுதினார்கள். கிறிஸ்டோபருக்குக் கிடைத்தது; ஆலனுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1930 பிப்ரவரி 13-ல் கிறிஸ்டோபர் காசநோயில் இறந்துபோனான். சின்ன வயதில் குடித்த பசும்பாலிலிருந்து தொற்றியது. ஆலன் அவன் தாயாருக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தான், வருஷக்கணக்காக. செத்தபின் மனசு எங்கே போகிறது, உடம்பு ஒரு இயந்திரம் என்றால் மனசு என்ன என்ற கேள்வி அங்கேதான் அவனைப் பிடித்தது என்று நினைக்கிறேன். அது கடைசிவரை விடவில்லை.

மறுமுயற்சியில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி கிடைத்தது. 22 வயதில் அங்கேயே ஃபெல்லோ. 1936-ல், 24 வயதில், அந்தக் கட்டுரை. கம்ப்யூட்டர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அன்று பொருள், உட்கார்ந்து கணக்குப் போடுகிற மனிதர். நம்ம ஊர்க் கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட நோட்டு. ஒரு சமயத்தில் ஒரு கட்டத்தைப் பார்க்கிறார். கணக்கில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது மனசில் இருக்கிறது. அதற்குத் தக்கபடி ஒன்றை எழுதுகிறார், அல்லது அழிக்கிறார், அடுத்த கட்டத்துக்கோ முந்தின கட்டத்துக்கோ நகர்கிறார். அவ்வளவுதான். இதை ஒரு இயந்திரம் செய்ய முடியாதா என்று கேட்டார் டூரிங். நோட்டுக்குப் பதில் முடிவில்லாத ஒரு காகித நாடா. அதற்கும் மேலே ஒரு படி போனார். விதிகளையே அந்த நாடாவில் எழுதிக் கொடுத்துவிட்டால், ஒரே இயந்திரம் எந்தக் கணக்கு இயந்திரத்தின் வேலையையும் செய்துவிடும். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போன் கேமராவாகவும் கால்குலேட்டராகவும் சீட்டாட்டமாகவும் ஆகிறதே, அந்த யோசனை இதுதான். எந்த இயந்திரத்தாலும் தீர்க்க முடியாத கேள்விகள் உண்டு என்பதையும் அதே கட்டுரையில் நிரூபித்தார்.

பிறகு அமெரிக்காவில் பிரின்ஸ்டன், 1938-ல் டாக்டர் பட்டம், திரும்பி வந்ததும் போர். 1939 செப்டம்பர் 4 அன்று பிளெட்ச்லி பார்க்கில் ஆஜர். ஜெர்மானியரின் எனிக்மா என்ற தட்டச்சு மாதிரியான பெட்டி செய்தியைக் குழப்பி அனுப்பும். அதைத் திருப்பிவைக்கும் வழிகள் 159-க்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்ட எண்ணிக்கை. போலந்துக் கணக்கர்கள் மூவர் ஏற்கெனவே அதில் ஓட்டை போட்டு, அதை ஆங்கிலேயருக்குச் சொல்லியும் இருந்தார்கள். அவர்களை மறப்பது பாவம். எனிக்மாவில் ஒரு குறை. எந்த எழுத்தும் அதே எழுத்தாக வராது. தினமும் காலையில் வானிலை அறிக்கை அனுப்புவான் ஜெர்மன்காரன். அதில் வானிலை என்ற சொல் இருந்தே தீரும். அந்தச் சொல் எங்கே உட்காரும் என்று ஊகித்து, பொருந்தாத அமைப்புகளையெல்லாம் தள்ளிக்கொண்டே போகும் ஒரு இயந்திரத்தை டூரிங் வடிவமைத்தார். வெல்ச்மேன் என்பவர் அதைத் திருத்தி மேம்படுத்தினார். 1940-ல் முதலாவது வேலைசெய்யத் தொடங்கி, போர் முடிவதற்குள் இருநூறுக்கு மேல் ஓடின. எல்லாரும் கைவிட்ட கப்பற்படை எனிக்மாவை டூரிங்தான் எடுத்துக்கொண்டார். நீர்மூழ்கிகள் எங்கே பதுங்கியிருக்கின்றன என்று தெரிந்தது. கப்பல்கள் விலகிப் போயின. தனியாளாகப் போரை ஜெயித்தார் என்று சினிமாவில் காட்டுவது மிகை. ஆயிரக்கணக்கானவர்கள் உழைத்த இடம் அது, பெரும்பாலும் பெண்கள்.

அங்கேயும் ஆள் மாறவில்லை. சைக்கிள் செயின் அடிக்கடி கழன்றது. நாமாக இருந்தால் கடைக்குப் போவோம். இவர் எத்தனை சுற்றுக்கு ஒருமுறை கழல்கிறது என்று எண்ணி, அந்த எண் வருவதற்குள் பின்மிதி மிதித்துச் சமாளித்தார்! ஜூன் மாதம் மகரந்தம் மூக்கில் ஏறாதிருக்க விஷவாயு முகமூடி மாட்டிக்கொண்டு சைக்கிளில் போனார். டீ குடிக்கும் குவளையைச் சங்கிலி போட்டுப் பூட்டிவைத்தார். வெள்ளிக் கட்டிகளை வாங்கிக் காட்டில் புதைத்து, போர் முடிந்தபின் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தொலைத்தார். உலகத்து ரகசியத்தை உடைத்தவருக்குத் தன் ரகசியம் அகப்படவில்லை.

போருக்குப் பின் மின்னணுக் கணிப்பொறிக்கு முழுத் திட்டம் வரைந்தார். அது மெத்தனமாக நகர்ந்ததில் சலித்து 1948-ல் மான்செஸ்டர் போனார். நடுவில் மாரத்தான் ஓட்டம். 1947-ல் 2 மணி 46 நிமிடம். மான்செஸ்டர் இயந்திரத்துக்கு எண்களை முப்பத்திரண்டின் அடிப்படையில், அதுவும் இடவலம் மாற்றி எழுதவேண்டும். இவருக்கு அது பழகிவிட்டது. மற்றவர்களுக்கும் பழகிவிடும் என்று நினைத்தார். பாவம், உடன் வேலைசெய்தவர்கள். 1950-ல், இயந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, பதில் சொல்வது மனிதனா இயந்திரமா என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு விளையாட்டை முன்வைத்தார். இன்று பேரன்கள் செல்போனோடு பேசிக்கொண்டிருக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வருகிறது.

சதுரங்கம் ஆட ஒரு புரோகிராம் எழுதினார். அதை ஓட்டுகிற சக்தி எந்தக் கம்ப்யூட்டருக்கும் அன்று இல்லை. சும்மா இருப்பாரா? தானே கம்ப்யூட்டராக உட்கார்ந்து, காகிதமும் பென்சிலுமாக, ஒரு நகர்வுக்கு அரைமணி நேரம் கணக்குப் போட்டு 1952-ல் ஆடினார். புரோகிராம் தோற்றது. இதைப் படித்தபோது எனக்கு நம் செட் நண்பன் ஒருவனின் முகம் வந்து நின்றது. அப்போது கம்ப்யூட்டர் என்றால் ஏ.சி. அறை, வெளியே செருப்பைக் கழற்றவேண்டும், வாரத்தில் ஒரு மணி நேரம், மூன்று பேருக்கு ஒரு பெட்டி. அவனோ லாங் சைஸ் நோட்டின் பின்பக்கமெல்லாம் பேசிக் புரோகிராம் எழுதி, விரலால் வரி வரியாகக் கையாலேயே ஓட்டிப்பார்ப்பான். நாங்கள் கடற்கரைக்குக் கூப்பிட்டால் வரமாட்டான். கேலி செய்தோம். நானும்தான்.

1952 ஜனவரியில் டூரிங் வீட்டில் திருட்டு. போலீசில் அவரே புகார் கொடுத்தார். விசாரணையில், தனக்கு ஒரு ஆணோடு உறவு இருந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டார். பொய் சொல்லத் தெரியாத ஆள். தப்பென்றும் அவர் நினைக்கவில்லை. 1885-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். சிறையா, ஒரு வருஷம் பெண் ஹார்மோனா என்றார்கள். ஹார்மோனை ஏற்றுக்கொண்டார். ரகசிய வேலைக்கான அனுமதியைப் பறித்தார்கள். எந்த நாட்டைக் காப்பாற்றினாரோ அந்த நாடு. நாம் இங்கே உட்கார்ந்து வெள்ளைக்காரனைத் திட்டிப் பிரயோசனமில்லை. அவன் 1860-ல் எழுதிவைத்த 377-ஆம் பிரிவை நாம் 2018 செப்டம்பர் வரை வைத்திருந்தோம்.

அந்த நாட்களிலும் வேலை நிற்கவில்லை. சிறுத்தையின் புள்ளிகள் எப்படி வருகின்றன, சூரியகாந்தி விதைகள் ஏன் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சுழல்கின்றன, ஒரு உயிர் எப்படி வடிவம் கொள்கிறது என்று 1952-ல் ஒரு கட்டுரை. அதற்குப் பிறகும் கம்ப்யூட்டரில் அதே ஆராய்ச்சி. பொம்மையின் காலைத் தோட்டத்தில் நட்ட பையன், மைதானத்தில் டெய்ஸிப் பூவைப் பார்த்த பையன், சுற்றி வந்து அங்கேயே நின்றான். 1954 ஜூன் 7-ல் சயனைடு. படுக்கையருகே கடித்த ஆப்பிள். வயது 41. தற்கொலை என்றது விசாரணை. வீட்டில் ரசாயனம் வைத்து விளையாடாதே என்று எத்தனையோ முறை கண்டித்திருந்த அம்மா, அது விபத்துதான் என்று நம்பினார். அதே 1954 நவம்பர் 1-ல்தான் நம் காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது.

மகனின் வாழ்க்கையை அம்மாவே புத்தகமாக எழுதினார். 1959-ல் வெளிவந்தது. கைக்குழந்தையாய் விட்டுவிட்டுப் போன பிள்ளையைப் பள்ளி அறிக்கைகளிலும் கடிதங்களிலும் தேடித் தேடி எழுதிய புத்தகம். போரில் அவன் என்ன செய்தான் என்பது முழுதாகத் தெரியாமலே எழுதினார். 1974-ல்தான் அந்த ரகசியம் வெளியே வந்தது. 1976-ல் அவர் காலமானார். கணிப்பொறித் துறையின் உயர்ந்த பரிசுக்கு 1966 முதல் அவர் மகன் பெயர். 1994-ல் அதைப் பெற்ற ராஜ் ரெட்டி, கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். இங்கிலாந்து அரசு 2009-ல் மன்னிப்புக் கேட்டது, 2013-ல் அரச மன்னிப்பு வந்தது, 2021-ல் 50 பவுண்டு நோட்டில் படம் போட்டார்கள்.

ராமானுஜனை விட்டுவிட்டு இவரை ஏன் எழுதினேன் என்பதை இனிமேலும் மறைப்பது நியாயமில்லை. முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தேன். தொண்ணூறுகளில் என் வகுப்பில் ஒரு பையன். அப்பா துபாயில், பாட்டி வளர்ப்பு. வீட்டிலிருந்து பள்ளிவரை உள்ள ஒவ்வொரு மின்கம்பத்தின் எண்ணையும் வரிசையாகச் சொல்வான். எழுந்து நின்று எட்டாம் வாய்பாடு சொல்லச் சொன்னால் இதைச் சொல்வான். வகுப்பு சிரிக்கும். புராகிரஸ் ரிப்போர்ட்டில், கையெழுத்து மோசம், கவனம் போதாது, திருந்தவேண்டும் என்று சிவப்பு மையில் எழுதினேன். மூன்று தடவை எழுதினேன். பத்தாவதில் தமிழில் தவறிவிட்டான். மறுபடி எழுதவில்லை.

போன வருஷம் என் செல்போன் திரை அணைந்துபோனது. பேரன் ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப்போனான். உள்ளே அவன்தான். தலை நரைத்துவிட்டது. சார், உட்காருங்க என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். மேலே தகட்டைத் தூக்கி, மூக்கு இடிக்கிற மாதிரிக் குனிந்து, இருபது நிமிஷத்தில் உயிர் கொடுத்தான். காசு வாங்க மாட்டேன் என்றான். என்ன பேசுவது என்று தெரியாமல், அந்தக் கம்ப நம்பரெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தன் பாட்டி வீட்டு வாசலில் ஆரம்பித்தான். மாற்றாமல், நிறுத்தாமல், பள்ளிக்கூட கேட்டு வரை சொல்லி முடித்தான். அதில் பாதிக் கம்பங்கள் இப்போது கிடையாது.